பெஹாலாவின் எண்ணெயும் ஆய்வகத்துக் கோழியும்

நீண்ட பதிவு இது. நச்சியல், மருந்தியல், வேதியியல் துறைகளில் ஆய்வு செய்வோரும், அத்துறைகளுக்குள் இனி நுழையவிருக்கும் மாணவர்களும் பொறுமையுடன் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன். உடன்பட வேண்டும் என்பதில்லை. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுத்தால் போதும்.

சென்ற மாதம் எங்கள் கட்டுரை ஒன்றின்மீது மதிப்பீட்டாளர் ஒருவரின் குறிப்பு வந்தது. கரிமப் பாஸ்பரஸ் சேர்மங்கள் நரம்புகளில் காலந்தாழ்ந்து விளைவிக்கும் கேட்டை, அவற்றின் மூலக்கூறு அமைப்பிலிருந்தே முன்கணிக்க முயலும் கணினிவழி ஆய்வு அது. குறிப்பு ஒரே வரி: முன்கணிப்புகளை விலங்குச் சோதனையால் உறுதிசெய்து மீண்டும் அனுப்புக. எந்த விலங்கு, எத்தனை, எந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காக என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. நெறியாளர் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். முனைவர் பட்டத்துக்கான கால எல்லை எனக்கு நெருங்கிக்கொண்டிருக்கிறது. நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெறுவதும் இயலாத செயல் அன்று. ஒப்புதல் கிடைத்தபின் சோதனைக்கு மூன்று வாரம். அதன்பின் கட்டுரை ஏற்கப்படக்கூடும். செய்வதா, மறுப்பதா என்பதே என் முன் இருந்த வினா.

அவ்வினாவுக்கு விடை தேட, நான் குடியிருக்கும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

கொல்கத்தாவின் தென்மேற்கில், டயமண்ட் ஹார்பர் சாலையின் இருபுறமும் விரிந்து கிடக்கும் பெஹாலாவில் வாடகை வீடொன்றில் வசிக்கிறேன். எங்கள் வீட்டு மாஷிமா எண்ணெய்ப் புட்டியைத் திறந்தவுடன் முகர்ந்து பார்க்காமல் அடுப்பருகே கொண்டுசெல்ல மாட்டார். கடுகெண்ணெயின் காரத்தை விரும்பும் வங்காளிகளின் வழக்கம் என்றே முதலில் எண்ணினேன். ஒருநாள் கேட்டபோது, "அந்த வருஷத்துக்கு அப்புறம் வந்த பழக்கம்" என்றார். அவர் குறிப்பிட்டது 1988.

அவ்வாண்டின் மழைக்காலத்தில் பெஹாலாவில் சுமார் 600 பேர் கால்கள் தளர்ந்து, பாதம் தொங்கி, நடக்க இயலாதவர்களாயினர். பலருக்கு மணிக்கட்டும் தொய்ந்தது. தொற்றுநோய் என்ற ஐயம் நீங்கியபின், அவர்கள் உண்ட ரேப்சீட் எண்ணெயில் ட்ரைகிரெசில் பாஸ்பேட் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. மசகெண்ணெயிலும், நெகிழிகளை இளக்குவதற்கும், தீப்பற்றாமல் காப்பதற்கும் பயன்படும் தொழிலகப் பொருள் அது. அதற்கு நிறமில்லை, மணமும் இல்லை. மாஷிமாவின் மூக்கு அதை ஒருபோதும் கண்டுபிடித்திருக்காது. இதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்பொருளின் வரலாறு பெஹாலாவில் தொடங்கியதன்று. 1930-ல், மதுவிலக்கு நடப்பிலிருந்த அமெரிக்காவில், மருந்தென்ற பெயரில் விற்கப்பட்ட இஞ்சிச் சாற்றில் இது கலக்கப்பட்டு, பல்லாயிரம் பேர் முடங்கினர். அவ்வாண்டே அதன் காரணப்பொருள் ஆர்த்தோ வடிவமான ட்ரை-ஆர்த்தோ-கிரெசில் பாஸ்பேட் என்று அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டனர். 1959-ல் மொராக்கோவில், விமானப் பொறிக்கான மசகெண்ணெய் சமையல் எண்ணெயில் கலந்து விற்கப்பட்டதால் ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டனர்.

அடுத்த நிகழ்வு தமிழ் வாசகர்களுக்கு மிக நெருக்கமானது. 1977–78 காலத்தில் இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் இதேபோன்ற நரம்பு முடக்கத்துக்கு ஆளாயினர். நோயுற்றோர் ஏன் பெரும்பாலும் பூப்பெய்திய பருவத்துச் சிறுமியராக இருக்க வேண்டும்? விடை நம் வழக்கத்தில் இருந்தது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு உடல் வலுப்பெற நல்லெண்ணெய் கொடுப்பது நம்மவரிடையே தலைமுறைகளாக வரும் வழக்கம். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நல்லெண்ணெயில் ட்ரைகிரெசில் பாஸ்பேட் கலந்திருந்தது. சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் இதனை 1981-ல் லான்செட் இதழில் வெளியிட்டனர். பதின்மூன்று வயதில் என் அம்மா பச்சை முட்டையோடு என் வாயில் ஊற்றிய நல்லெண்ணெயின் சுவை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அக்கட்டுரையை முதன்முறை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள்: 1930, 1959, 1977, 1988. பெஹாலாவின் மக்கள் முடங்கியபோது அப்பொருளின் நச்சுத்தன்மை அறிவியலுக்குத் தெரிந்து 58 ஆண்டுகள் கடந்திருந்தன. அண்டை நாட்டின் எச்சரிக்கை அச்சேறி ஏழாண்டுகள் ஆகியிருந்தன. இன்னும் ஆயிரம் விலங்குகளில் சோதித்திருந்தாலும் பெஹாலாவில் ஒருவரைக்கூடக் காப்பாற்றியிருக்க முடியாது. காப்பாற்றியிருக்கக்கூடியவை மூன்று: தொழிலக எண்ணெயும் சமையல் எண்ணெயும் சந்திக்காத வணிக ஒழுங்கு, சந்தைக்கு வரும் எண்ணெயின் மாதிரியைப் பகுத்தாயும் எளிய வேதியியல் சோதனை, அதன் முடிவின்மீது உடனே நடவடிக்கை எடுக்கும் நிர்வாகம். பத்தாண்டுகள் கழித்து, 1998-ல், பிரமதண்டு விதையெண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் தில்லியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்நோய் கொல்கத்தாவில் 1877-லேயே பதிவானது. அங்கும் குறைந்தது அறிவு அன்று.

விலங்குச் சோதனையைக் குறைப்போம் என்று சொன்னவுடன் "மக்கள் பாதுகாப்பு என்னாவது?" என்று கேட்கப்படுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் நம் நாட்டில் வேதிப்பொருள்களால் நேர்ந்த பெருந்துயரங்களை எடுத்து, அவற்றுள் எது சோதனை போதாமையால் நேர்ந்தது, எது தெரிந்ததைப் பயன்படுத்தாமையால் நேர்ந்தது என்று பிரித்துப் பார்த்தபின்னரே அதற்கு விடை சொல்ல வேண்டும்.

இனி கோழிக்கு வருகிறேன்.

கரிமப் பாஸ்பரஸ் சேர்மங்கள் காலந்தாழ்ந்த நரம்புக் கேட்டை விளைவிக்குமா என்று அறிய, பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பின், அதாவது ஓஇசிடியின், 418, 419 எண்ணிட்ட சோதனை வழிகாட்டிகள் உள்ளன. சோதனை உயிரி முட்டையிடும் பருவத்துக் கோழி. எலிகளிலும் சுண்டெலிகளிலும் இம்முடக்கம் எளிதில் வெளிப்படாது. வளர்ந்த கோழியில் மனிதரைப் போலவே வெளிப்படும். 418-ஆம் வழிகாட்டியின்படி ஒற்றை வேளை மருந்தளவு கொடுத்து 21 நாள் கவனிக்க வேண்டும். இடையிடையே கோழிகளைக் கூண்டுக்கு வெளியே எடுத்து, ஏணிப்படி போன்ற ஒன்றில் ஏறவைத்து, நடையின் தள்ளாட்டத்துக்கு மதிப்பெண் இட வேண்டும். இறுதியில் மூளை, முதுகுத்தண்டு, புற நரம்புகள் ஆகியவற்றைத் திசு ஆய்வுக்கு எடுக்க வேண்டும்.

முதுகலை முடித்த ஆண்டில், ஓர் ஆய்வகத்தில் பயிற்சியாளராக இருந்தபோது, இம்மதிப்பெண்ணை இடும் வேலை எனக்கு வாய்த்தது. எனக்கு ஒதுக்கப்பட்டவை நேர்நிலைக் கட்டுப்பாட்டுக் குழுவின் கோழிகள். சோதனைமுறை சரியாக வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக, உறுதியாக முடக்கும் என்று தெரிந்த பொருள் கொடுக்கப்பட்ட குழு அது. அப்பொருள் ட்ரை-ஆர்த்தோ-கிரெசில் பாஸ்பேட். முதல் வாரம் அவை நலமாக இருந்தன. இரண்டாம் வாரத்தில் ஒன்று படியேறுகையில் பின்வாங்கிக் குந்தியது. மூன்றாம் வாரத்தில் பெரும்பாலானவை நிற்கவில்லை. என் குறிப்பேட்டில் எண்கள் ஒழுங்காக ஏறின. பெஹாலாவுக்குக் குடிவந்து, மாஷிமாவின் வாயால் அண்டை வீட்டுக்காரர் படியேற முடியாமல் அமர்ந்துவிட்ட கதையைக் கேட்டபோதுதான், அந்த எண்களின் பொருள் எனக்கு விளங்கியது. மனிதர்கள் தம் கால்களைக் கொடுத்து உலகுக்கு உணர்த்திய ஒன்றை, நாம் கோழிகளிடம் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உணர்ச்சியை மட்டும் வைத்து அறிவியலில் வாதிட முடியாது என்பதை அறிவேன். ஆகவே அறிவியலுக்கே வருவோம்.

இம்முடக்கத்தின் மூலக்கூறு நிலைக் காரணத்தை 1960-களின் இறுதியில் பிரிட்டனைச் சேர்ந்த மார்ட்டின் ஜான்சன் அடையாளம் கண்டார். பூச்சிக்கொல்லிகள் உடனடி நச்சாகச் செயல்படுவது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குவதால். காலந்தாழ்ந்த முடக்கமோ வேறொரு நொதியோடு தொடர்புடையது. அதற்கு நரம்பு நச்சிலக்கு எஸ்டரேஸ் என்று பெயர், சுருக்கமாக என்டிஇ. இந்நொதியின் பெரும்பகுதி, ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல், தடுக்கப்பட வேண்டும். தடுக்கப்பட்ட நொதி அதன்பின் 'முதுமையுறல்' எனப்படும் வேதிமாற்றத்துக்கு உட்பட்டு மீளா நிலையை அடைய வேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தால் சில வாரங்களில் நீண்ட நரம்பிழைகள் சிதைகின்றன. மனிதரில் இந்நொதிக்குரிய மரபணுவின் பிறழ்வே கால்களை இறுக்கி முடக்கும் ஒரு பரம்பரை நோய்க்குக் காரணம் என்பதும் பின்னர் தெரியவந்தது.

பொறிமுறை இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின் வினாவே மாறிவிடுகிறது. இச்சேர்மம் கோழியை முடக்குமா என்று கேட்பதற்கு மாறாக, இது என்டிஇயைத் தடுக்குமா, அசிட்டைல்கோலினெஸ்டரேஸைத் தடுக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு, முதுமையுறலை நிகழ்த்துமா என்று கேட்கலாம். இவற்றுக்கு நொதிக் கரைசலிலும், மனித நரம்புக்கட்டியிலிருந்து பெறப்பட்டு ஆய்வகங்களில் வளர்க்கப்படும் செல்களிலும் விடை காண முடியும். இரு நொதிகளின் தடுப்பு விகிதத்துக்கும் கோழிச் சோதனையின் முடிவுக்கும் நல்ல இயைபு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

மறுதரப்பின் மிக வலுவான வாதத்தையும் இதே பொருளிலிருந்தே எடுத்துக் காட்டலாம். ட்ரை-ஆர்த்தோ-கிரெசில் பாஸ்பேட்டை நேரடியாக நொதிக் கரைசலில் இட்டால் அது பெரிய நச்சாகத் தோன்றாது. உடலுக்குள் சென்று, கல்லீரலின் நொதிகளால் வளைய வடிவ பாஸ்பேட்டாக மாறிய பிறகே அது என்டிஇயைத் தாக்கும் ஆற்றல் பெறுகிறது. 1960-களின் தொடக்கத்தில் காசிடா குழுவினர் இதை நிறுவினர். ஆகவே கல்லீரலை மறந்த செல் சோதனை பெஹாலாவின் நஞ்சைத் தீங்கற்றது என்று தீர்ப்பளித்திருக்கும். "தட்டில் வளரும் செல் உடல் ஆகாது" என்போரின் கூற்றுக்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

என் துறையான கணினிவழி முன்கணிப்புக்கும் இதே பொருள் ஓர் எச்சரிக்கை. மூலக்கூறு அமைப்புக்கும் உயிரியல் விளைவுக்கும் இடையிலான உறவைக் கணித வடிவில் எழுதும் முறைக்கு க்யூஎஸ்ஏஆர் என்று பெயர். 1960-களில் கார்வின் ஹான்ஷின் பணியிலிருந்து வளர்ந்தது. அறிந்த சேர்மத்தின் தரவைக் கொண்டு, அதனை ஒத்த அறியாச் சேர்மத்தைப் பற்றி முடிவு கூறுவது ரீட்-அக்ராஸ். ஒத்தவை ஒத்தபடி செயல்படும் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. ஆனால் கிரெசில் வளையத்தில் மெத்தில் தொகுதி ஆர்த்தோ இடத்தில் இருந்தால் அச்சேர்மம் முடக்குகிறது. மூன்று வளையங்களிலும் அது பாரா இடத்துக்கு நகர்ந்தால் அத்தகைய முடக்கம் இல்லை. அணுக்களின் எண்ணிக்கை, மூலக்கூறு எடை எல்லாம் ஒன்றே. மேலோட்டமான ஒப்புமையை மட்டும் அளக்கும் மாதிரி இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடும்.

ஆயினும் இவ்விரு தடைகளும் எதைக் காட்டுகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லீரல் நொதிகளைச் செல் சோதனையோடு சேர்க்க வேண்டும் என்பதையும், வளைய பாஸ்பேட்டாக மாறக்கூடிய ஆர்த்தோ அமைப்பை மாதிரிக்குள் எச்சரிக்கைக் குறியாகப் பொதிய வேண்டும் என்பதையும் நமக்குச் சொல்வது பொறிமுறை அறிவு. அவ்வறிவு இருக்கும் இடத்தில் தடையைத் திருத்திக்கொள்ளலாம். அது இல்லாத இடத்தில் விலங்குச் சோதனையும் நம்பத்தக்கதன்று. முடக்கம் வெளிப்படாத எலியை மட்டுமே சோதித்திருந்தால் இப்பொருள் பாதுகாப்பானது என்ற முடிவே கிடைத்திருக்கும். கோழி சரியான உயிரி என்பது நமக்கு எப்படித் தெரியும்? மனிதர்கள் முன்னரே முடங்கியிருந்ததால் ஒப்பிட்டு அறிந்தோம். விலங்கும் ஒரு மாதிரிதான். மாதிரி என்றால் அதன் செல்லுபடி எல்லை எது என்ற கேள்வியைக் கணினியிடம் கேட்பதுபோல் கோழியிடமும் கேட்க வேண்டும்.

அவ்வாறு கேட்டவர்கள் கண்டது என்ன? ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையிடம் அளிக்கப்பட்ட ஆவணங்களில் ஏறத்தாழ 10,000 சேர்மங்களின் தரவுகளைத் தொகுத்து, தாமஸ் ஹார்ட்டுங் குழுவினர் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே சேர்மத்தை ஒரே வழிகாட்டியின்படி மீண்டும் விலங்கில் சோதித்தால் அதே முடிவு கிடைக்கும் வாய்ப்பு, சோதனை வகைக்கேற்ப 78 முதல் 96 விழுக்காடு வரை இருந்தது. நச்சுள்ளதை நச்சுள்ளது என்றே மீண்டும் சொல்லும் திறன் சில சோதனைகளில் 50 விழுக்காடு அளவுக்கே இருந்தது. நாம் பொன்னளவையாகக் கொள்ளும் தராசின் தடுமாற்றம் இது.

இதை வைத்துக் கணினி மாதிரிகள் வென்றுவிட்டன என்று முழங்க எனக்கு விருப்பமில்லை. அம்மாதிரிகள் கற்றுக்கொண்டதும் அதே விலங்குத் தரவுகளிலிருந்துதான். தராசு தடுமாறினால் அதில் நிறுத்துக் கற்ற மாணவனும் தடுமாறுவான். என் கணினியில் உள்ள ஒவ்வொரு தரவுப் புள்ளியின் பின்னும் ஓர் உயிர் இருந்தது. அக்கடனை ஒப்புக்கொள்ளாமல் 'விலங்கு பயன்படுத்தாத ஆய்வு' என்று பெருமை கொள்வது நேர்மை ஆகாது. செல் வளர்ப்பாளர்களுக்கும் ஒரு சொல்: செல்களுக்கு ஊட்டும் ஊடகத்தில் நாம் சேர்க்கும் சீரம், வெட்டப்பட்ட சினைப்பசுவின் கருவிலிருந்து எடுக்கப்படுவது. கல்லீரல் நொதிக் கலவை பெரும்பாலும் எலியிலிருந்து வருவது. மாற்றுமுறைகள் விலங்குகளின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைக்கின்றன. பெரும்பாலானவை இன்னும் அதைச் சுழியம் ஆக்கவில்லை.

எனினும் குறைந்திருக்கிறது, அதுவும் சட்டத்துக்கு ஏற்புடைய வகையில் குறைந்திருக்கிறது. கொடுக்கப்பட்ட விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவைக் காண டிரெவன் 1927-ல் வகுத்த எல்.டி.50 சோதனையின் பழைய வடிவத்தை ஓஇசிடி 2002-ன் இறுதியில் தன் வழிகாட்டிகளிலிருந்து நீக்கியது. அதனிடத்தில் மிகக் குறைந்த விலங்குகளைக் கொண்ட முறைகள் நிற்கின்றன. முயலின் கண்ணில் பொருளை இட்டுப் பார்க்கும் 1944-ஆம் ஆண்டின் டிரெய்ஸ் சோதனை செய்துவந்த பணியில் ஒரு பகுதியை இன்று வளர்ப்புத் திசுக்கள் செய்கின்றன. தோல் ஒவ்வாமைக்கு, புரதத்தோடு வினைபுரியும் தன்மை, தோல் செல்களின் மறுவினை, நோயெதிர்ப்புச் செல்களின் தூண்டல் ஆகிய படிகளைத் தனித்தனியே அளந்து ஒன்றிணைக்கும் 497-ஆம் வழிகாட்டி 2021-ல் வந்தது. அதே ஆண்டு, மீனைக் கொல்லாமல் மீனின் செவுள் செல்களைக் கொண்டு நீர்வாழ் உயிரிகளுக்கான நச்சுத்தன்மையை அளக்கும் 249-ஆம் வழிகாட்டியும் வந்தது. நெடுங்கால நச்சுத்தன்மை, இனப்பெருக்கம், கருவளர்ச்சி போன்றவற்றில் இத்தகைய முழு மாற்று இன்னும் இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்லி எவரையும் நம்பவைக்க வேண்டியதில்லை. இருப்பதைப் பயன்படுத்தாமல் இருப்பதற்கே நாம் விடை சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இதற்குத் தடையாக நிற்பது சட்டமா? விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் வரலாற்றில் நம் ஊர்ப் பெயர் ஒன்று உண்டு. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலியது. 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்தே இயங்கியது. அச்சட்டம் ஆய்வுக்கான சோதனைகளைத் தடைசெய்யவில்லை. ஆனால் தவிர்க்க இயலும் இடத்தில் தவிர்க்க வேண்டும் என்று அதன் 17-ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. மாற்று, குறைப்பு, செம்மை என்ற மூன்று நெறிகளை ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்தது அதற்கு முந்தைய ஆண்டான 1959-ல். நெறிமுறைக் குழுக்களைக் கட்டாயமாக்கும் விதிகள் 1998-ல் வந்தன. ஒப்பனைப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பது 2014-ல் தடைசெய்யப்பட்டது. புதிய மருந்துகளுக்கான விதிகளில் 2023-ல் செய்யப்பட்ட திருத்தம், செல்வழி, கணினிவழி முறைகளுக்கும் உறுப்புச் சில்லுகளுக்கும் இடமளிக்கிறது. ஓஇசிடி நாடுகளோடு தரவுகளைப் பரஸ்பரம் ஏற்கும் ஏற்பாட்டில் இந்தியா 2011 முதல் முழுமையாகப் பங்குபெறுகிறது. இங்கு நெறிப்படி செய்த சோதனையை அங்கு மீண்டும் செய்ய வேண்டியதில்லை.

அறிவாற்றலிலும் குறையில்லை. பெஹாலாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில், குணால் ராயின் ஆய்வகம் நீண்ட காலமாகக் க்யூஎஸ்ஏஆர் துறையில் உலகம் அறிந்த பணியைச் செய்துவருகிறது. க்யூஎஸ்ஏஆரையும் ரீட்-அக்ராஸையும் இணைக்கும் க்யூ-ராசார் அணுகுமுறை 2022-ல் அங்கிருந்து வெளிவந்தது. அக்குழு உருவாக்கிய மென்பொருள்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

சட்டமும் கருவியும் இருந்தும் பழக்கம் மாறாததற்குக் காரணம், அப்பழக்கம் நம் கல்விப்புலத்தின் உள்ளேயே வாழ்கிறது என்பதுதான். "எலியில் செய்து காட்டினாயா?" என்ற வினா நம் வாய்மொழித் தேர்வுகளில் ஒரு சடங்காகிவிட்டது. எவரும் அதற்கு ஏன் என்று கேட்பதில்லை. ஆகவே அரசிடம் கோரிக்கை வைப்பதற்குமுன் நம்மிடமே நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, மதிப்பீட்டாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும். விலங்குச் சோதனை வேண்டும் என்று எழுதுமுன், அது எந்த ஐயத்தைத் தீர்க்கும், எந்த உயிரி, ஏன் அந்த உயிரி, வேறு வழியில் தீர்க்க இயலாதா என்ற நான்கு வினாக்களுக்கும் விடையை அதே குறிப்பில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அச்சோதனை தேவையில்லை.

இரண்டாவது, நெறிமுறைக் குழுக்களுக்கு. ஒப்புதல் கோரும் விண்ணப்பத்தோடு, அச்சேர்மத்தைப் பற்றி ஏற்கனவே உள்ள தரவுகளின் தொகுப்பையும், கணினிவழி முன்கணிப்பையும், அம்முன்கணிப்பு எந்த எல்லைக்குள் செல்லும் என்ற குறிப்பையும் கட்டாயமாக்குங்கள். முன்பே விடை உள்ள வினாவுக்கு ஓர் உயிரும் செலவாக வேண்டாம்.

மூன்றாவது, நம் பல்கலைக்கழகங்களுக்கு. சோத்கங்கா களஞ்சியத்தில் இந்திய ஆய்வேடுகள் பெருந்திரளாகக் கிடக்கின்றன. அவற்றின் பின்னிணைப்புகளில் விலங்குச் சோதனைத் தரவுகள் படக்கோப்புகளாக உறைந்துள்ளன. கணினியால் படிக்க இயலாதவை, எதிர்மறை முடிவென்பதால் இதழ்களில் வெளிவராதவை. இவற்றை அட்டவணைத் தரவுகளாக மாற்றுவதை ஒரு முதுகலைத் திட்டப்பணியாகவே ஏற்கலாம். செத்த விலங்குக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, அதன் தரவைப் புதைக்காமல் இருப்பது.

நான்காவது, பாடத்திட்டத்துக்கு. விலங்கியல் வகுப்புகளில் உயிரியறுப்பைப் படிப்படியாக நிறுத்துமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2011-ல் வழிகாட்டுதல் வெளியிட்டபோது, இனி விலங்கியலே அழிந்துவிடும் என்று அஞ்சியோர் உண்டு. அழியவில்லை. நச்சியல் மாணவருக்கு விளைவுப் பாதைகளையும், மாதிரியின் செல்லுபடி எல்லையையும், தரவின் நம்பகத்தையும் கற்பித்தால், எலியைப் பிடிக்கும் கைத்திறனைவிட அது அவருக்கு நெடுநாள் உதவும்.

இறுதியாக, என் கட்டுரைக்கு வருகிறேன். நான் மறுமொழி எழுதி அனுப்பிவிட்டேன். எங்கள் மாதிரி எந்த வகைச் சேர்மங்களுக்குப் பொருந்தும், எவற்றுக்குப் பொருந்தாது என்பதை விரித்து எழுதினேன். கல்லீரல் நொதிகளால் மாற்றமடையும் சேர்மங்களில் அது முதலில் தவறியதையும் மறைக்கவில்லை. அவற்றுள் ஐயத்துக்குரிய சிலவற்றை, நொதிக் கலவை சேர்த்த மனித நரம்புச் செல்களில் சோதித்துத் தருவதாகவும் கூறினேன். கோழியில் செய்ய இயலாது என்று எழுதவில்லை. செய்ய மாட்டேன், அதற்கான காரணம் இது என்று எழுதினேன். அவ்வரியை நெறியாளர் இருமுறை வாசித்தார். பிறகு நீக்காமல் கையொப்பமிட்டார்.

முடிவு இன்னும் வரவில்லை. கட்டுரை நிராகரிக்கப்படலாம், என் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகலாம். அதற்கு அணியமாகவே இருக்கிறேன். நாளை ஒரு மதிப்பீட்டாளராக நான் அமரும்போது, எதிரே உள்ள மாணவரிடம் அந்த ஒற்றை வரியை எழுதாமல் இருப்பேன் என்ற உறுதியை மட்டும் இப்போதே இங்குப் பதிந்துவைக்கிறேன். இத்துறையில் இருப்போர் உங்கள் பட்டறிவையும் எழுதுங்கள். குறிப்பாக, விலங்குச் சோதனையே தவிர்க்க முடியாததாக இருந்த நேர்வுகளை. அவற்றிலிருந்துதான் அடுத்து எந்த மாற்றுமுறையை உருவாக்க வேண்டும் என்று நமக்குத் தெரியவரும்.

மாஷிமா இன்று காலையும் எண்ணெய்ப் புட்டியை முகர்ந்து பார்த்தார். அந்த நஞ்சுக்கு மணமில்லை என்பதை ஒருநாள் அவரிடம் சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போது, அதை அவருக்குப் பதிலாகக் கண்டுபிடிக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.